கவுன்சிலின்ர கெயரர் அசெஸ்மண்ட்: அஞ்சுக்கு மூண்டு ஸ்டார், அதுவும் யோசிச்சுத்தான்

சாப்பாட்டுக் கடைக்கும் போனுக்கும் ரிவியூ எழுதினம், கவுன்சில் எண்ட உள்ளூராட்சிச் சபைக்கு ஏன் ஒருத்தரும் எழுதிறேல்ல எண்டு கனநாளா யோசிச்சு இத எழுதிறன். இங்கிலாந்தில வயசான அம்மா அப்பாவையோ, வருத்தக்கார மனுசனையோ, ஓட்டிசம் உள்ள வளந்த பிள்ளையையோ சம்பளமில்லாம வீட்டில வச்சுப் பாக்கிற எங்கட ஆக்கள் எக்கச்சக்கம், இவையத்தான் கெயரர் எண்டுவினம், ஆனா அதுக்கெண்டு கவுன்சிலிட்ட ஒரு அசெஸ்மண்ட், அதாவது என்ன உதவி தேவை எண்டு பாக்கிற மதிப்பீடு, கேட்டு எடுக்கலாம் எண்டது பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிஞ்ச மிச்சப்பேரும் அது ஏதோ மாதாமாதம் காசு வாற விசயம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்.

எங்கட நிலைமைய முதல்ல சொல்லிடுறன். லண்டன் விளிம்பில ஒரு கவுன்சில், பேர் வேண்டாம். அம்மாவுக்கு 78 வயசு, டிமென்ஷியா, அதோட முழங்காலும் சரியில்ல. நான் பார்மசி ஒண்டில பார்ட் ரைம், மனுசனுக்கு நைட் ஷிஃப்ட், மகள் ஏ லெவல் படிக்கிறாள். அம்மாவுக்கு நடந்த அசெஸ்மண்டுக்கு நாலு ஸ்டார் குடுப்பன், எனக்கு நடந்ததுக்கு மூண்டரை, அதுக்குப் பிறகு கையில கிடைச்ச உதவிக்கு ரெண்டரை. வீட்டுக்கு வந்த சாமான்களுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு.

கனபேர் குழம்பிற இடம் எண்டா இது ரெண்டு வேற வேற அசெஸ்மண்ட் எண்டதுதான். அம்மாவுக்கு என்ன உதவி தேவை எண்டு பாக்கிறது ஒண்டு, அத நீட்ஸ் அசெஸ்மண்ட் எண்டுவினம். அம்மாவப் பாக்கிறதால எனக்கு என்ன நடக்குது எண்டு பாக்கிறது மற்றது, அது கெயரர்ஸ் அசெஸ்மண்ட். கெயர் அக்ட் 2014 எண்ட சட்டம் 2015 ஏப்ரலில இருந்து நடைமுறையில இருக்கு, அதில 9ஆவது பிரிவு அம்மாவுக்கு, 10ஆவது பிரிவு எனக்கு. அதுக்கு முந்தி எண்டா பெரிய அளவில, ஒழுங்காப் பாக்கிறன் எண்டு காட்டினாத்தான் உங்கள அசெஸ் பண்ணுவினம், இப்ப உதவி தேவைப்படுற மாதிரித் தெரிஞ்சாலே காணும். ஒரே வீட்டில இருக்கோணும் எண்டும் இல்ல, அம்மா தனக்கு அசெஸ்மண்டே வேண்டாம் எண்டு அடம்பிடிச்சாலும் உங்கட அசெஸ்மண்ட் நீங்கள் கேக்கலாம்.

நான் போன் பண்ணினதும் மற்றப்பக்கத்தில இருந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வி அம்மாவின்ர வருத்தத்தப் பற்றி இல்ல, அம்மாவிட்ட சேவிங்ஸ் 23,250 பவுணுக்கு மேல இருக்கோ எண்டு. இருந்தா நீங்களே பிரைவேற்றா ஒழுங்கு பண்ணுறது நல்லம் எண்டா. இந்த இடத்திலதான் எங்கட ஆக்கள் கனபேர் போன வைக்கிறவை. அசெஸ்மண்ட் ஃப்ரீ, காசு எவ்வளவு இருந்தாலும் செய்தே ஆகோணும், அது சட்டத்திலயே எழுதிக் கிடக்கு. அந்த 23,250 எண்ட கணக்கு பிறகு உதவி ஒழுங்கு பண்ணேக்க ஆர் காசு கட்டுறது எண்டதுக்குத்தான். நான் நிதானமா கெயர் அக்ட் செக்ஷன் 9, செக்ஷன் 10 ரெண்டையும் சொல்லி, ரெண்டு அசெஸ்மண்டும் வேணும், கேட்டதா எழுதி ஈமெயில் ஒண்டும் அனுப்பிறன் எண்டன். செக்ஷன் நம்பர் கேட்டதும் குரல் மாறினது. நம்பர் பாடமாக்கி வச்சிருங்கோ, குளிசைப் பேர் பாடமாக்கிறத விட லேசு.

பிறகு காத்திருப்பு. இலை கொட்டேக்க கேட்டது, கிறிஸ்மஸ் முடிஞ்சு லைற் எல்லாம் கழட்டின பிறகுதான் ஆள் வந்தது. அரை ஸ்டார் அங்கயே போச்சு. சட்டத்தில இத்தனை நாளுக்குள்ள எண்டு ஒரு கெடு இல்ல, நியாயமான காலத்துக்குள்ள எண்டுதான் சொல்லினம், அந்த நியாயம் ஆற்ற நியாயம் எண்டு எனக்கு விளங்கேல்ல. ஆனா இடையில அம்மா ஒருக்கா விழுந்தவ, அத உடன போன் பண்ணிச் சொன்னாப் பிறகு வரிசையில கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினவை. நிலைமை மோசமாகினா அடுத்த நாளே சொல்லுங்கோ, அவையே வந்து பாத்துக் கண்டுபிடிப்பினம் எண்டு இருந்தா இருந்ததுதான்.

சோஷல் வேர்க்கர் வந்த அண்டைக்கு அம்மா செய்த கூத்த நினைச்சா இப்பவும் சிரிப்பும் வருது ஆத்திரமும் வருது. மற்ற நாளில பின்னேரம் வரைக்கும் நைற்றியோட இருக்கிற மனுசி, அண்டைக்குத் தலை இழுத்து நல்ல சீலை உடுத்து செற்றியில நிமிந்து இருந்தா. சமையல் ஆர் செய்யிறது எண்டு கேக்க, "நான்தான் சமைக்கிறனான், இவள் வேலைக்குப் போறவள் எல்லோ" எண்டா. கடைக்கு? "நான்தான் போறனான், பஸ் பாஸ் இருக்கு." குளிக்க உதவி வேணுமோ எண்டதுக்கு அந்த சோஷல் வேர்க்கரையே ஒரு பார்வை பாத்தா. டிமென்ஷியா உள்ள ஆக்கள் வெளி ஆள் முன்னால கொஞ்ச நேரம் இப்பிடி நல்லா இருப்பினம், குடும்பத்தில பாக்கிறவை எல்லாருக்கும் இது தெரியும், ஆனா ஃபோம் நிரப்ப வாறவருக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் தெரியும். அதால நான் ஒரு கொப்பியில அதுக்கு முந்தின கிழமை நடந்தத அப்பிடியே எழுதி வச்சிருந்தன், சோஷல் வேர்க்கரிட்ட தனியக் குடுத்தன். உதாரணத்துக்கு ஒரு வரி: "விடிய 3.10, அம்மா கோட் போட்டுக்கொண்டு வாசல் கதவடியில, கொடிகாமம் பஸ் போயிடும் எண்டு அழுகிறா, திரும்பப் படுக்க வைக்க 4.30." அவ அத வாசிச்சுப்போட்டுத் திகதியோட அப்பிடியே ஃபோமில ஏத்தினா. அதுக்குத்தான் நாலு ஸ்டார்.

இன்னொரு விசயம், மொழிபெயர்ப்பு. நீங்களே சொல்லுவீங்கள்தானே எண்டு கேட்டவை, நான் மாட்டன் எண்டன். அம்மாவால குளிக்கப் போக ஏலாது எண்டத அம்மாவுக்கு முன்னால நானே தமிழில கேட்டு நானே இங்கிலீசில சொல்லுறதோ? ஆள் வேணும் எண்டு முதலே கேட்டு வச்சதால போனில ஒருத்தர ஸ்பீக்கரில போட்டவை. லைன் கரகரத்தாலும் அம்மா என்னைப் பாக்காம நேர பதில் சொன்னா, அது பெரிய வித்தியாசம்.

பத்து விசயம் பாப்பினம், சாப்பாடு தண்ணி, சுத்தம், ரொய்லெற், உடுப்பு உடுத்திறது, வீட்டுக்குள்ள ஆபத்தில்லாம இருக்கிறது, வீட்டத் துப்பரவா வச்சிருக்கிறது, வெளியில போறது, ஆக்களோட பழகிறது இப்பிடி. வருத்தத்தால அதில ரெண்டோ கூடவோ ஏலாமப் போய், அது வாழ்க்கையப் பெரிசாப் பாதிக்குது எண்டா தகுதி. "ஏலாது" எண்டதுக்கு அவையின்ர கணக்கும் எங்கட கணக்கும் வேற. செய்து முடிச்சாலும் தாங்கேலாத நோவோட செய்தா, வழமைய விடக் கனநேரம் எடுத்தா, செய்யேக்க ஆபத்து எண்டா, அதுவும் ஏலாது எண்ட கணக்குத்தான். "ஆறுதலாச் செய்வா" எண்டு நாங்கள் மரியாதைக்குச் சொல்லுற வசனம் அங்க "செய்வா" எண்டுதான் பதிவாகும்.

பிறகு ஒக்யுபேஷனல் தெரப்பிஸ்ட், அதாவது அன்றாட வேலைய ஆளால செய்ய ஏலுமோ எண்டு பாக்கிறவ, வந்தா. ஒரு சின்னப் பிள்ளை, 25 வயசு இருக்கும், அவளுக்கு முழு மார்க்ஸ். வந்து கேள்வி கேக்கேல்ல. கதையோட கதையா எனக்கொரு ரீ கிடைக்குமோ எண்டு அம்மாவப் பாத்துக் கேட்டாள். அம்மா சந்தோசமா எழும்பிக் குசினிக்குப் போனா. கேத்திலப் போட்டா. கப் எடுத்தா. அலுமாரியத் திறந்தா, மூடினா, பக்கத்துக் கதவத் திறந்தா, அரிசி டின்னை எடுத்து மேசையில வச்சா. கேத்தில் கொதிச்சு நிண்டிட்டுது, இவ திருப்பி அமத்தினா, திருப்பி நிண்டுது. கப்புக்குள்ள மூண்டு கரண்டி சீனி, கொஞ்சம் பொறுத்து இன்னும் மூண்டு. அந்தப் பிள்ளை ஒண்டும் சொல்லாம வாசலில சாய்ஞ்சு நிண்டு பாத்தாள், பிறகு "ரெண்டு பேருமாப் போடுவம்" எண்டு சேந்து போட்டாள். அம்மாவுக்கு ஒரு பரீட்சை நடந்ததே தெரியாது. அந்தப் பத்து நிமிசம் அறிக்கையில ஒரு முழுப் பக்கமா வந்தது.

அடுத்த கிழமைகளில சாமான் வந்தது, குளிக்கிற தொட்டிக்குப் பலகை, ரொய்லெற்றுக்கு உயரமான சீற், ரெண்டு கைப்பிடி, கட்டிலால இறங்கினா எனக்குச் சத்தம் வாற சென்சர், வெளியில திறப்பு வைக்கிற சின்னப் பெட்டி. 1,000 பவுணுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களுக்கும் உந்த மாதிரி உபகரணங்களுக்கும் காசு கேக்கேலாது, சேவிங்ஸ் எவ்வளவு இருந்தாலும் ஃப்ரீ. ஷவர் ரூம் கட்டிற மாதிரிப் பெரிய வேலை எண்டா டிஸேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் எண்டு தனியா இருக்கு, இங்கிலாந்தில 30,000 பவுண் வரைக்கும், அதுக்கு வருமானம் பாப்பினம்.

இனி என்ர அசெஸ்மண்ட். கவுன்சில் இத நேர செய்யேல்ல, கெயரர்மாருக்கு உதவுற கெயரர்ஸ் சென்ரர் ஒண்டுக்குக் குடுத்து வச்சிருக்கு, கன இடத்தில இப்பிடித்தான். முதல்ல ஒன்லைன் ஃபோம் நிரப்புங்கோ எண்டவை, நான் நேரில வேணும் எண்டன். அம்மா இல்லாத இடத்தில வேணும் எண்டும் சொன்னன், லைப்ரரியில ஒரு சின்ன அறை எடுத்துத் தந்தவை. அம்மாவ வச்சுக்கொண்டு அம்மாவால எனக்கு நித்திரை இல்ல எண்டு ஆராவது சொல்லுவினமோ?

என்ர வேலை, உடம்பு, சாப்பாடு, பிள்ளையப் பாக்கிறது, வீடு வாசல், மனுசனோட இருக்கிற நேரம், கோயில் குளம் போறது எல்லாம் சென்ரரால வந்த மனுசி கேட்டவ. எட்டு விசயம் இருக்கு, கெயரருக்கு அதில ஒண்டு அடிபட்டாலே காணும், அல்லது உடம்போ மனமோ கெட்டுப்போகுது எண்டாலும் காணும், அது உங்கட வாழ்க்கையப் பெரிசாப் பாதிக்கோணும், அவ்வளவுதான். கடைசியா, "இதத் தொடர்ந்து செய்ய உங்களுக்கு ஏலுமோ, விருப்பமோ" எண்டு கேட்டவ. சட்டப்படி கட்டாயம் கேக்கோணும் அந்தக் கேள்வி. அம்மாவக் கூட்டிவந்து வச்சிருந்த இத்தனை காலத்தில சொந்தத்தில ஒரு குஞ்சு கேக்கேல்ல. ரொறன்ரோவில இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோ கோலில வந்து "அம்மா மெலிஞ்சு போனா, வடிவாச் சாப்பாடு குடு" எண்டுற அண்ணாவும் கேக்கேல்ல. பகலில பாப்பன், குளிப்பாட்டிறதும் கிழமை முழுக்க இரவு முழிக்கிறதும் இனி என்னால ஏலாது எண்டன். அவ முகம் மாறாம எழுதினா.

இங்கதான் எங்கட வாய்ப்பழக்கம் காலை வாரும். எனக்குத் தெரிஞ்ச மாமி ஒருவ, ஸ்ட்ரோக் வந்த மாமாவத் தனியத் தூக்கி இருத்திறவ, நாரி போய் பெல்ட் கட்டிக்கொண்டு இருக்கிறா. அவவிட்ட வந்து கேட்ட நேரம் "கடவுளே எண்டு சமாளிக்கிறம் பிள்ளை" எண்டிருக்கிறா, கெயரர் மனேஜிங் வெல் எண்டு ஒரு வரியில ஃபைல் மூடியாச்சு. வீட்டுக் கஷ்டத்த வெளியில சொல்லக் கூடாது எண்ட வளர்ப்பு ஊரில சரியா இருக்கலாம், ஏனெண்டா அங்க பக்கத்து வீட்டு ஆக்களுக்குச் சொல்லாமலே தெரியும். இங்க ஃபோமில எழுதினதுதான் கவுன்சிலுக்குத் தெரியும். ஆகக் கூடாத நாளச் சொல்லுங்கோ, நல்ல நாளச் சொல்லாதேங்கோ. பொய் சொல்லச் சொல்லேல்ல, ஆக மோசமான கிழமை எண்டு ஒண்டு எல்லாருக்கும் இருக்குத்தானே, அந்தக் கிழமையச் சொல்லுங்கோ.

இனி ஏன் உதவிக்கு ரெண்டரை எண்டு சொல்லுறன். எனக்கெண்டு தந்தது ஒருதரம் மட்டும் வாற சில நூறு பவுண், அத ட்ரையருக்குப் போட்டன், மழை நாளில படுக்கை விரிப்புத் தோய்க்கிறவைக்கு அதின்ர அருமை தெரியும். ஒரு எமர்ஜென்சி பிளான், அதாவது எனக்கு ஏதும் நடந்தா அம்மாவ ஆர் பாக்கிறது எண்டு எழுதி ஒரு கார்ட்டும் தந்தவை. அதோட கிழமைக்கு மூண்டு மணித்தியாலம் ஒராள் வந்து அம்மாவோட இருக்கிறது. இதிலதான் சுழி. நான் வெளியில போறதுக்காக வாற ஆள் எண்டாலும் சட்டப்படி அது அம்மாவுக்குக் குடுக்கிற சேவை, அதால அம்மாவின்ர காசக் கணக்குப் பாத்து அம்மாவிட்டத்தான் அறவிடுவினம். 14,250க்குக் கீழ சேவிங்ஸ் இருந்தா அந்தச் சேவிங்ஸத் தொடமாட்டினம், வருமானத்த மட்டும் பாப்பினம், அதுக்கும் முதல் சொன்ன 23,250க்கும் இடையில எண்டா கொஞ்சம் கொஞ்சமாக் கணக்கில ஏத்துவினம். வீட்டில வச்சுப் பாக்கிற கெயருக்கு இருக்கிற வீட்டின்ர பெறுமதிய எடுக்கமாட்டினம், வீடு போயிடும் எண்டு பயந்துகொண்டிருக்கிறவைக்காக இதச் சொல்லுறன். முதல் வந்த பில்லில கூடின ஹீற்றிங், தோய்க்கிற செலவு, பெரியாக்கள் கட்டிற நப்பி எல்லாம் கழிக்கேல்ல. வருத்தத்தால வாற செலவு எண்டு ரசீதோட எழுதிக் குடுக்கப் பில் இறங்கினது. கேக்காதவைக்கு இறங்காது, அதுக்கு அரை ஸ்டார் வெட்டு.

ஆள அனுப்பின ஏஜென்சி, அதின்ர பேரும் வேண்டாம், ஒவ்வொரு கிழமையும் வேற ஆள். அம்மா ஒருத்திய உள்ளுக்கு விடேல்ல, மற்றவ வந்து போனப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு டிரெக்ட் பேமண்டுக்கு மாறினம், கவுன்சில் காசத் தரும், ஆள நாங்கள் பிடிக்கலாம். கோயிலில பழக்கமான ஒரு அக்காவப் பிடிச்சம், அவ வந்தா அம்மா புட்டுக்குத் தேங்காய்ப்பூப் போட்டுக் குடுத்தாச் சாப்பிடுறா, குளிக்கவும் போறா. ஆனா நீங்கள் முதலாளி ஆகிடுவீங்கள், இன்சூரன்ஸ், பேஸ்லிப், லீவு எல்லாம் உங்கட தலையில, அதுக்கு உதவ ஒரு இடம் கவுன்சிலே காட்டும். ஒரே வீட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு அந்தக் காசில சம்பளம் குடுக்க சாதாரணமா விடமாட்டினம், மருமகளுக்குக் குடுக்கலாமோ எண்டு கேக்கிறவை கேட்டுக்கொண்டே இருக்கினம்.

மாதாமாதம் வாற காசு விசயம் கவுன்சில் இல்ல, டிடபிள்யூபி, அதாவது பென்ஷனையும் உதவிக்காசையும் பாக்கிற அரசாங்கத் திணைக்களம். பென்ஷன் வயசு தாண்டின ஆளுக்கு அற்றெண்டன்ஸ் அலவன்ஸ், 2025-26 கணக்கில கிழமைக்கு 73.90, பகலும் இரவும் உதவி வேணும் எண்டா 110.40 பவுணா இருந்தது, சேவிங்ஸ் பாக்கமாட்டினம். அது வந்தாத்தான் பாக்கிறவைக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ், அதே வருசக் கணக்கில 83.30, கிழமைக்கு 35 மணித்தியாலம் பாக்கோணும், வேலையால கையில வாறது அந்த வருசம் கிழமைக்கு 196 பவுணுக்கு மேல போகக் கூடாது எண்டு இருந்தது. அது கிட்டத்தட்ட அப்பத்தைய ஆகக் குறைஞ்ச சம்பளத்தில 16 மணித்தியாலம். ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக் காசு முழுசும் போகும், பிறகு திருப்பியும் கேப்பினம், எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் செய்யிறவை கவனம். அம்மா தனிய இருந்து பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைஞ்ச வயசானவைக்குக் குடுக்கிற உதவிக்காசு, எடுக்கிறா எண்டா நீங்கள் கெயரர்ஸ் அலவன்ஸுக்குப் போட முதல் ஏஜ் யூகே எண்ட தொண்டு நிறுவனம் மாதிரி இடத்தில கேளுங்கோ, உங்களுக்கு வர அவவின்ரயில வெட்டுப்படலாம். ஸ்பொன்சரில வந்து விசாவில இருக்கிற பெற்றோர் எண்டா அலவன்ஸுக்குக் கையெழுத்துப் போட முதல் இமிகிரேஷன் அட்வைஸ் எடுங்கோ, அது பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது விசாவில கனபேர் எடுக்கக் கூடாத அரசாங்கக் காசு, கணக்கில வரும். வீட்டுக்குக் கட்டிற கவுன்சில் ராக்ஸில வளந்த ஆக்கள எண்ணேக்க டிமென்ஷியா உள்ளவர எண்ணாம விடலாம், டொக்டரின்ர கடிதம் வேணும். எங்கட வீட்டில நானும் மனுசனும் ரெண்டு பேர் எண்டதால ஒண்டும் குறையேல்ல, அம்மாவோட தனிய இருக்கிற மகனோ மகளோ எண்டா 25 வீதமாவது குறையும். வேலையில கெயரர்ஸ் லீவு எண்டு வருசத்துக்கு ஒரு கிழமை, சம்பளமில்லாம, 2024 ஏப்ரல் 6இல இருந்து சேர்ந்த முதல் நாளே கேக்கலாம்.

அண்ணாவுக்கு இந்த விசயம் தெரிஞ்ச உடன "அம்மாவக் கவுன்சிலிட்டக் குடுக்கப் போறியோ" எண்டு குடும்பக் குழுவில மெசேஜ். ஒருத்தரும் ஒருத்தரையும் குடுக்கேல்ல, அசெஸ்மண்ட் எடுத்தா முதியோர் ஹோமில போடுவினம் எண்டது எங்கட சனத்துக்குள்ள ஓடுற கதை, அம்மா இப்பவும் என்ர வீட்டில, அதே செற்றியில. கிழமைக்கு மூண்டு மணித்தியாலம் நான் வெளியில போறன், அதில முதல் மூண்டு கிழமையும் காரில இருந்து நித்திரை கொண்டன், அவ்வளவுதான்.

அசெஸ்மண்ட் முடிஞ்சா எழுத்தில கொப்பி தரோணும், தகுதி இல்ல எண்டாலும் ஏன் எண்டு எழுதித் தரோணும். பிழையா இருந்தாக் கவுன்சிலுக்கு முறைப்பாடு, அதுவும் சரிவராட்டி கவுன்சிலுக்கு மேலான முறைப்பாட்ட விசாரிக்கிற லோக்கல் கவர்ன்மண்ட் அண்ட் சோஷல் கெயர் ஒம்புட்ஸ்மன், அதுக்கும் காசில்ல. நிலைமை மாறினா வருச ரிவியூவுக்குப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்ல, இடையிலயும் கேக்கலாம். நான் அடுத்ததில இரவுக்கு ஆள் கேக்கப் போறன், கிடைச்சா இந்த ரெண்டரைய மூண்டாக்கிறன். கிளாஸ்கோப் பக்கம் இருக்கிறவைக்கு இந்தச் சட்டம் இல்ல, அங்க 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அடல்ட் கெயரர் சப்போர்ட் பிளான் எண்டு கேக்கோணும், வேல்ஸுக்கும் வேற சட்டம் இருக்கு, அங்க இருக்கிற ஆராவது அனுபவத்த எழுதினா நல்லம்.